குளிர்கலத்துக்கு முன்னால் பட்டறை: வளரும் நாடுகளில் குவாண்டம் தொழில்நுட்பம் வேர்பிடிப்பது எப்படி?

1924ஆம் ஆண்டு. டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துவந்த சத்யேந்திரநாத் போஸ், சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையைக் கடிதத்தோடு சேர்த்து ஐன்ஸ்டைனுக்குத் தபாலில் அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். ஒளித்துகள்களை எப்படி எண்ண வேண்டும் என்று போஸ் காட்டிய கணக்கை அணுக்களுக்கும் பொருத்திப் பார்த்தார். போதிய அளவு குளிர்ந்தால் அணுக்கள் தனித்தனியாக நிற்காமல் ஒரே குவாண்டம் நிலையில் போய்க் குவியும் என்று விடை வந்தது.

அப்படிக் குவிந்ததை ஆய்வகத்தில் முதன்முதலில் பார்த்தது 1995 ஜூனில். டாக்காவில் அல்ல; அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரில். எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் ருபீடியம் அணுக்களை ஒரு கெல்வினில் கோடியில் இரண்டு பங்குக்கும் கீழே குளிரவைத்தார்கள். தாளில் எழுதிய கணக்கு, தபால்தலை ஒட்டினால் கண்டம் தாண்டிவிடுகிறது. சோதனை அப்படித் தாண்டுவதில்லை.

இடையில் என்ன தேவைப்பட்டது? பணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வீமன் பெயர் பெற்றதே மலிவான கருவிகளால்தான். சிடி பிளேயர்களில் இருக்கும் வகையைச் சேர்ந்த சின்ன டயோடு லேசர்களை வைத்தே அணுக்களைக் குளிர்விக்கும் வழியை அவர் வளர்த்தெடுத்தார். இளநிலை மாணவர்கள் தங்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே கட்டிப் பார்க்கும்படி ஓர் அமைப்பை விவரித்தும் எழுதினார். அந்த மலிவான லேசரைச் சுற்றி இருந்தது என்ன என்பதுதான் கேள்வி. அவர்கள் பணியாற்றிய ஜிலா நிறுவனத்தில் கருவிப் பட்டறையும் மின்னணுப் பட்டறையும் ஆய்வாளர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்தன. காலையில் ஒருவர் தாளில் கிறுக்கிய உதிரிபாகத்தைக் கடைந்து கொடுக்கவும், அது ஏன் சரியாக உட்காரவில்லை என்று மறுநாள் கேட்கவும் அங்கே ஆள் உண்டு.

வளரும் நாடு ஒன்று குவாண்டம் தொழில்நுட்பத்தில் கால்பதிக்க நினைக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான் என்று உறுதியாக நம்புகிறேன். மூளை எங்கும் இருக்கிறது. போஸ் அதற்குச் சாட்சி. இல்லாதது, அந்த மூளைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பட்டறை.

வாங்கிய இயந்திரமும் வளர்த்த திறனும்

அணுக்களும் ஒளித்துகள்களும் நடந்துகொள்ளும் விதத்தையே கருவியாக்கும் குவாண்டம் தொழில்நுட்பம் என்ற பெயரின் கீழ் மூன்று வேலைகள் நடக்கின்றன. ஒன்று கணிப்பு, ஒன்று தகவல்தொடர்பு, ஒன்று உணர்விகள் கொண்டு அளப்பது. செய்தியில் வருவது பெரும்பாலும் முதலாவதுதான். அதிலும் தங்க நிறத்தில் சரவிளக்குபோலத் தொங்கும் அந்தக் கருவியின் படம். அது கணினி அல்ல, குளிர்கலம். குவாண்டம் கணினியில் தகவலைத் தாங்கும் அடிப்படை அலகு கியூபிட். மின்தடையே இல்லாத மீக்கடத்திகளால் செய்த கியூபிட்டுகள் வேலை செய்ய, அதற்குக் கீழே குளிர முடியாத முழுப்பூஜ்யத்துக்கு மேலே 10 அல்லது 20 மில்லிகெல்வின் அளவுக்குக் குளிர வேண்டும். ஹீலியத்தின் இரண்டு ஐசோடோப்புகளைக் கலந்து, அந்தக் கலவை பிரிந்து கரைவதைப் பயன்படுத்தித்தான் அந்தக் குளிரை எட்டுகிறார்கள்.

இந்தக் கலத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். அந்த ஐசோடோப்புகளில் ஒன்றான ஹீலியம்-3 காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் அளவுக்குக் கிடைப்பதில்லை. கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் சிதையும்போது கிடைக்கிறது. டிரிட்டியமோ அணுசக்தித் துறையின் கையில் இருக்கும் பொருள். அதனால் விற்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. கலத்தைச் செய்பவர்களும் அப்படித்தான்: பின்லாந்தின் புளூஃபோர்ஸ், இன்னும் சிலர். கலத்தின் கம்ப்ரஸருக்குக் குளிர்ந்த நீர் நிற்காமல் ஓட வேண்டும். மின்சாரமோ நீரோ நின்றால் கலம் சூடேறத் தொடங்கும். மறுபடி அடிமட்டக் குளிருக்கு இறங்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். வாயுக் குழாயில் துளி காற்று புகுந்து உறைந்தால் அடைப்பு. அடைப்பை நீக்கத் தெரிந்தவர் அடுத்த அறையில் இருந்தால் நாளை வேலை தொடரும். அடுத்த கண்டத்தில் இருந்தால் விசா, விமானம், ஒப்பந்தம் என்று பருவமே போய்விடும்.

ஆக, பெரிய இயந்திரத்தை முதலில் வாங்கி நிறுத்திவிட்டு அதைச் சுற்றிச் சூழல் தானாக முளைக்கும் என்று எதிர்பார்ப்பது தலைகீழ் வழி. இயந்திரம் வரும்போது அதைத் தாங்கும் கைகள் தயாராக இருக்க வேண்டும். வெற்றிடக் கசிவைத் தேடிப் பிடிப்பவர், மைக்ரோவேவ் சுற்றுகளைச் சோதிப்பவர், கண்ணாடிக் குழாயை ஊதி இணைப்பவர், திரவ ஹீலியத்தைச் சிந்தாமல் கையாள்பவர். இவர்களுக்குப் பல நிறுவனங்களில் பதவி உயர்வுப் படிக்கட்டே கிடையாது. ஆய்வுக் கட்டுரையில் பெயர் வராது. பேராசிரியர் பதவிகளைத் தாராளமாக உருவாக்கும் திட்டங்கள்கூட டெக்னீஷியன்களை ஆண்டு ஒப்பந்தத்தில் வைத்திருப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. கையில் தொழில் படிந்த ஒருவர் வெளியேறினால் பத்து வருட அனுபவம் அவரோடு போகிறது.

அறை வெப்பத்தில் தொடங்கலாம்

நல்ல செய்தி என்னவென்றால், எல்லாக் குவாண்டம் வேலைக்கும் அந்தக் குளிர் வேண்டியதில்லை.

வைரத்துக்குள் ஒரு கார்பன் அணு இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் அணு ஒன்று உட்கார்ந்து, அதன் பக்கத்து இடம் காலியாக இருந்தால், அந்த ஜோடி அறை வெப்பநிலையிலேயே ஒரு குவாண்டம் உணர்வியாக நடந்துகொள்கிறது. மேசைமேல் அதைச் செய்து பார்ப்பது இப்படி: நைட்ரஜன் கலந்த செயற்கை வைரத் துண்டு ஒன்று, உளுந்து அளவு போதும். அதன்மேல் 532 நானோமீட்டர் பச்சை லேசரைக் குவித்தால் வைரம் சிவப்பாக ஒளிரும். சிவப்பு வடிகட்டி வழியாகப் பார்க்கும் ஒரு ஃபோட்டோடயோடு அந்த ஒளியை அளக்கும். வைரத்தை ஒட்டிச் செப்புக் கம்பியை வளையமாக வைத்து மைக்ரோவேவ் செலுத்த வேண்டும். அதிர்வெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், 2.87 கிகாஹெர்ட்ஸை எட்டும்போது சிவப்பொளி கொஞ்சம் மங்கும். திரையில் கோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். இப்போது பக்கத்தில் ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுவந்தால் அந்தப் பள்ளம் பிளக்கும். காந்தம் நெருங்க நெருங்கப் பள்ளங்கள் விலகும். அந்த விலகலே காந்தப்புலத்தின் அளவு.

ஒளி மங்குவது மிகச் சிறிய அளவு என்பதால் முதல் நாள் எதுவுமே தெரியாது. இரைச்சலிலிருந்து சமிக்ஞையைப் பிரிக்கும் மின்சுற்றை மாணவர்களே கட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். லேசரை நேராக்குவது, மைக்ரோவேவ் எங்கே கசிகிறது என்று பார்ப்பது, தரவை எடுத்துப் பொருத்துவது எல்லாமே அந்த ஒரு மேசையில் வந்துவிடுகிறது. குவாண்டம் கணினிக் கூடத்தில் நாளை கேட்கப்படும் திறன்களும் ஏறக்குறைய இவையே. இதேபோல 405 நானோமீட்டர் ஊதா லேசரைத் தகுந்த படிகத்தில் செலுத்தினால் சில ஒளித்துகள்கள் 810 நானோமீட்டர் அலைநீளமுள்ள இரட்டைகளாகப் பிரியும். இப்படி ஒன்றின் நிலை மற்றதோடு கட்டுண்டிருக்கும் பிணைந்த ஒளித்துகள்களைப் பற்றிப் படிப்பதற்கும், அவற்றைத் தன் கையால் எண்ணிப் பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

பயன்பாட்டுப் பக்கமும் இங்கேதான் வளரும் நாடுகளுக்கு நெருக்கமாக இருக்கிறது. குளிர்ந்த அணுக்களைக் கீழே விழவிட்டு ஈர்ப்புவிசையை அளக்கும் கருவி ஒன்று இத்தாலியின் எட்னா எரிமலையில் நிறுத்தி இயக்கப்பட்டிருக்கிறது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு 2022இல் அதே கொள்கையில் இயங்கும் கருவியைக் கொண்டு மண்ணுக்கடியில் இருந்த சுரங்கப் பாதையைக் கண்டுபிடித்தது. நிலத்தடி நீர் இறங்குவது, கனிமம் எங்கே கிடக்கிறது என்பது, பழைய சுரங்கம் எந்தத் தெருவுக்கடியில் போகிறது என்பது இந்த நாடுகளின் அன்றாடக் கவலைகள். ஆயிரம் கியூபிட் கணினியைவிட ஒரு நல்ல ஈர்ப்புமானி அங்கே சீக்கிரம் வேலைக்கு வரும்.

பலரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. நாட்டின் நேரத்தையும் மின்னழுத்தத்தையும் நிலைப்படுத்திக் காக்கும் தேசிய அளவியல் ஆய்வகங்கள் ஏற்கனவே குவாண்டம் ஆய்வகங்கள்தான். ஒரு விநாடி என்பது சீசியம் அணுவின் 919,26,31,770 அலைவுகள் என்று 1967இல் வரையறுக்கப்பட்டது. மின்னழுத்த அலகான வோல்ட்டின் அளவு ஜோசப்சன் விளைவு என்ற குவாண்டம் நிகழ்விலிருந்தும், மின்தடை அலகான ஓம் அளவு குவாண்டம் ஹால் விளைவு என்ற இன்னொன்றிலிருந்தும் பெறப்படுகின்றன. அப்படிப்பட்ட ஆய்வகம் உள்ள நாடு வெறுங்கையோடு தொடங்கவில்லை. அணுக் கடிகாரத்தை ஆண்டுக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டிப் பழகிய ஊழியர்கள் அங்கே இருக்கிறார்கள். புதிய குவாண்டம் திட்டங்களில் அவர்களுக்கு நடுநாயகமான இடம் தர வேண்டும்.

தனிமை

1951இல் கேம்பிரிட்ஜிலிருந்து லாகூர் திரும்பிய பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாமுக்கு அரசுக் கல்லூரியில் வேலை கிடைத்தது. கற்பித்தலுக்கு மேலே ஏதாவது ஒரு பொறுப்பை ஏற்க வேண்டும் என்றார்கள். கால்பந்து அணியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். ஆராய்ச்சி பேச ஆள் இல்லை, புதிய ஆய்விதழ்கள் கையில் கிடைக்கவில்லை. 1954இல் மறுபடி கேம்பிரிட்ஜுக்கே போய்விட்டார். நாடா இயற்பியலா என்ற அந்தத் தேர்வை வேறொருவர் எதிர்கொள்ளக் கூடாது என்றுதான் 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் கோட்பாட்டு இயற்பியல் மையத்தைத் தொடங்கினார். வளரும் நாட்டு ஆய்வாளர்கள் வேலையைத் தங்கள் நாட்டிலேயே வைத்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்கொருமுறை சில மாதங்கள் அங்கே வந்து தங்கிப் புதுப்பித்துக்கொண்டு திரும்பலாம். கோட்பாட்டுக்காரர்களுக்குப் பொருந்திய வழி அது. சோதனைக்காரர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். திரும்பி வந்து நிற்க ஒரு மேசையும் அதன்மேல் ஓடும் லேசரும்.

கிளவுட் வழியாகக் கிடைக்கும் கணினிகள் இந்தத் தனிமையைப் பாதி தீர்த்திருக்கின்றன. 2016 மே மாதம் ஐபிஎம் தன் 5 கியூபிட் கணினியை இணையத்தில் திறந்துவிட்டது. அன்றுமுதல் இணைப்பு உள்ள எந்த மாணவரும் உண்மையான கியூபிட்டில் நிரல் ஓட்ட முடிகிறது. 2019இல் தென்னாப்பிரிக்காவின் விட்ஸ் பல்கலைக்கழகம் ஐபிஎம் கூட்டமைப்பில் சேர்ந்தபோது, ஆப்பிரிக்காவின் வேறு பல பல்கலைக்கழகங்களுக்கும் அதன்வழி கதவு திறந்தது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நிரல் எழுதுபவர்களும், வேதியியலுக்கும் தளவாடத் திட்டமிடலுக்கும் வழிமுறை தேடுபவர்களும் இதிலிருந்துதான் உருவாகிறார்கள். ஆனால் மற்றவர் வீட்டுக் கிணற்றில் நீர் இறைப்பதுபோலத்தான் இதுவும். வரிசையில் எத்தனையாவது இடம், இலவச நேரம் எவ்வளவு என்பதையெல்லாம் கிணற்றுக்காரர்தான் முடிவு செய்வார்.

தென்னாப்பிரிக்காவின் தகவல்தொடர்புப் பக்கம் இதே கேள்வியை வேறு கோணத்தில் காட்டுகிறது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது டர்பன் நகரின் மோசஸ் மபிடா அரங்கத்திலிருந்து கட்டுப்பாட்டு மையத்துக்குப் போன தகவல்களைக் குவாண்டம் சாவிப் பகிர்வு கொண்டு, அதாவது ரகசியச் சாவியை ஒளித்துகள்கள் வழியே பகிர்ந்துகொள்ளும் முறையில், பாதுகாத்தார்கள். முன்னின்று நடத்தியது குவாசூலு-நடால் பல்கலைக்கழகக் குழு. கருவி ஐடி குவாண்டிக் என்ற சுவிட்சர்லாந்து நிறுவனத்துடையது. 2025 மார்ச்சில் இன்னொரு செய்தி வெளியானது: சீனாவின் ஜினான்-1 சிறு செயற்கைக்கோள் வழியாகப் பெய்ஜிங்குக்கும் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 12,900 கிலோமீட்டர் தூரம் குவாண்டம் சாவி பகிரப்பட்டது. இரண்டு முறையும் முக்கியக் கருவி வெளியிலிருந்து வந்தது. அதில் தவறில்லை. கருவியோடு வந்தவர்கள் திரும்பிப் போன பிறகு அதை ஓட்டவும், திறந்து பார்க்கவும், அடுத்ததைச் சொந்தமாக வடிவமைக்கவும் உள்ளூரில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்ற எண்ணிக்கையைத்தான் கூட்டு ஒப்பந்தங்களில் எழுத வேண்டும். எத்தனை கிலோமீட்டர் என்பது அதற்கு அடுத்தது.

சுங்கமும் கட்டுப்பாடும்

2024 செப்டம்பரில் அமெரிக்க வணிகத் துறை குவாண்டம் கணினிகளையும், அவற்றுக்கான குளிர்விப்புக் கருவிகள், மிகக் குளிரில் இயங்கும் மின்னணு உறுப்புகள் ஆகியவற்றையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்தது. பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின், கனடா, நெதர்லாந்து ஆகியவையும் ஒத்த விதிகளை அறிவித்தன. இவற்றின் இலக்கு சின்ன ஆய்வகங்கள் அல்ல என்றாலும், உரிமம் வேண்டுமா வேண்டாமா என்று தெரியாத விற்பனையாளர் பதில் போடாமலே இருந்துவிடுவது சின்ன ஆய்வகத்தைத்தான் முதலில் பாதிக்கும்.

வெளியே இந்தச் சுவர் என்றால் உள்ளே இன்னொன்று. உதிரிபாகம் சுங்கத்தில் கிடக்கும்; அது என்ன பொருள் என்று அதிகாரிக்கு விளக்க வேண்டிய ஆய்வு மாணவர் அங்கே வரிசையில் நிற்பார். மிகக் குறைந்த விலை சொன்னவரிடமே வாங்க வேண்டும் என்ற விதி நாற்காலிக்குப் பொருந்தும். ஒற்றை ஒளித்துகளைப் பிடிக்கும் கண்டறிவிக்குப் பொருந்தாது. கருவி வாங்கப் பணம் ஒதுக்கி, பராமரிப்புக்குச் சல்லிக்காசு ஒதுக்காத திட்டங்களால் வந்த விளைவுதான் உறை போட்டு மூடிய கருவிகள். 2025 ஜூனில் இந்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. விலைப்புள்ளி கேட்காமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சம் ரூபாயிலிருந்து 2 லட்சமானது. கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் ஒரு கண்ணாடி வில்லைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு, புதிய கட்டடத்தைவிட இது பெரிது.

கியூபிட் இல்லாத குவாண்டம் வேலை

குவாண்டம் வன்பொருள் எதுவுமே இல்லாத நாடும் தள்ளிப்போட முடியாத வேலை ஒன்று இருக்கிறது. 1994இல் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் காட்டிய வழிமுறை, போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி வந்துவிட்டால் இன்றைய இணையக் குறியாக்கத்தின் அடித்தளத்தையே உடைக்கும். அப்படி ஒரு கணினி இன்னும் இல்லை. ஆனாலும் இன்று குறியாக்கம் செய்து அனுப்பும் கோப்பை இப்போதே எடுத்துப் பத்திரப்படுத்தி, கணினி வந்த பிறகு திறக்கலாம். மருத்துவப் பதிவு, நில ஆவணம், கைரேகை போன்றவை இருபது ஆண்டு கழிந்தும் ரகசியமாகவே இருக்க வேண்டியவை.

2024 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாதவை என்று கருதப்படும் மூன்று குறியாக்கத் தரநிலைகளை இறுதி செய்தது. வழக்கமான கணினியிலேயே ஓடுபவை அவை. அவற்றுக்கு மாறுவதுதான் கடினம். எந்த மென்பொருளில், எந்தச் சில்லில், எந்தப் பழைய சர்வரில் பழைய குறியாக்கம் ஒளிந்திருக்கிறது என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். வளரும் நாடுகள் பலவும் அடையாள அட்டை முதல் பணப் பரிமாற்றம் வரை எல்லாவற்றையும் குறுகிய காலத்தில் டிஜிட்டலாக்கியவை; பழைய காகித வழி அங்கே பல இடங்களில் மூடப்பட்டுவிட்டது. இந்தக் கணக்கெடுப்புக்குக் கணிதம் தெரிந்தவர்களும் அமைப்புப் பொறியாளர்களும் சேர்ந்து உட்கார வேண்டும். அரசும் வங்கிகளும் காசு கொடுத்து வாங்கப் போகும் சேவை இது. உள்ளூர்க் குவாண்டம் நிறுவனத்துக்கு முதல் வாடிக்கையாளர் கிடைப்பது இங்கேதான் எளிது.

எத்தனை ஆண்டு?

சிங்கப்பூர் பணக்கார நாடுதான். ஆனாலும் சிறியது, வெறுந்தரையில் தொடங்கியது. அங்கே குவாண்டம் தொழில்நுட்ப மையம் 2007இல் பிறந்தது. செருப்புப் பெட்டி அளவே உள்ள ஸ்பூக்கி-1 என்ற செயற்கைக்கோளில் பிணைந்த ஒளித்துகள்களை உண்டாக்கி அந்த மையத்தினர் காட்டியது 2019இல். பன்னிரண்டு ஆண்டுகள். அந்த இடைவெளியில் நிதி அறுந்திருந்தால் பெட்டி விண்ணுக்குப் போயிருக்காது.

2025ஐ உலகக் குவாண்டம் ஆண்டாக ஐ.நா. அறிவிக்க வேண்டும் என்று முறையாகத் தீர்மானம் கொண்டுவந்த நாடு கானா. 2024 ஜூனில் அது நிறைவேறியது. ஆசை எங்கே இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆசையும் அரசுக் கணக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதற்கு இந்தியாவைப் பார்க்கலாம். 2020 நிதிநிலை அறிக்கையில் ஐந்து ஆண்டுகளுக்கு 8,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது 2023 ஏப்ரல் 19 அன்று, தொகை 6,003.65 கோடி, காலம் 2030-31 வரை. பெங்களூரு, சென்னை, மும்பை, டெல்லி என நான்கு இடங்களில் மையங்கள் அமைந்தன. பொறியியல் மாணவர்கள் குவாண்டத்தைத் துணைப் பாடமாக எடுக்கப் பாடத்திட்டம் 2024 டிசம்பரில் வெளியானது.

அந்தப் பாடத்தை 2025இல் எடுக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரை நினைத்துப் பாருங்கள். பட்டம் வாங்க 2028 ஆகும். உடனே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாலும், குளிர்கலத்தை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அவர் கை பழக 2033ஓ 2034ஓ ஆகிவிடும். இயக்கத்தின் கணக்கு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே முடிகிறது. அவர் வெளியே வரும் அன்று அவருக்காக எந்த மேசை காத்திருக்கும், அதன் பக்கத்தில் பட்டறையில் யார் இருப்பார், அவர்கள் இருவருக்கும் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை 2031க்குள் எழுதி வைத்தாக வேண்டும்.